ஃபைபர் தூசு அல்ல, இரவு இரண்டு மணி இருமல்

ஃபைபர் தூசால் உங்களுக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, மாஸ்டர். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் ஒழுங்காக வாசிக்கமாட்டீர்கள்.

உப்புவெளியிலிருந்து நாலு பக்கக் கடிதம். மாமனாரின் பழைய 18 அடி ஃபைபர் போட்டை வீட்டு வளவில் போட்டு, கார்த்திகையிலிருந்து நீங்களே சுரண்டி, மெற் என்ற கண்ணாடி நார் விரிப்பு ஒட்டி, பெயின்ற் அடித்து வருகிறீர்கள். பங்குனியில் கடல் அடங்கும்போது இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம். இதற்கிடையில் உடம்பில் கண்ட ஒன்பது கோளாறுகளை இலக்கம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். கணித ஆசிரியர் அல்லவா! ஆனால் கடிதம் எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு இலக்கம் இல்லை. நாலாம் பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், 'அண்ணாவும் போட் கட்டியவர்தான், போன வருடம் நுரையீரல் கேன்சரில் போனார்' என்று ஒரு வரி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'நாளுக்கு இரண்டு கட்டு பீடி'. கணக்கில் அடைப்புக்குறியைத்தானே முதலில் எடுக்கச் சொல்லிக் கொடுப்பீர்கள்? நானும் அதைத்தான் எடுக்கிறேன். உங்கள் அண்ணாவின் கதையில் பெரிய பங்கு அந்தப் பீடிக் கட்டுக்கு. நீங்கள் புகைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

'ஃபைபர் தூளும் அஸ்பெஸ்டஸ் மாதிரித்தான்' என்று யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கிழமை நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். மாதிரி இல்லை. அஸ்பெஸ்டஸ் நார் நீளவாக்கில் பிளக்கும். பிளக்கப் பிளக்க மெலிந்து, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்ப் பல்லாண்டு கரையாமல் கிடக்கும். போட்டுக்கு ஒட்டும் கண்ணாடி நார் குறுக்கே முறியும். நீளம் குறையுமே தவிர தடிப்புக் குறையாது. 3 மைக்ரோனுக்கும் மெலிந்த நார்தான் அவ்வளவு ஆழம் போகும். உங்கள் மெற்றில் இருப்பது பொதுவாக 10 மைக்ரோன் அளவில் அல்லது அதற்கு மேல். மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொண்டு அரிக்கும், தும்ம வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் 2002இல் இந்த வகை நாரை, புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த முடியாதவற்றின் பட்டியலில்தான் வைத்தது. நாரை ஒட்டும் பிசினான ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற இரசாயனத்தை அதே முகவரகம் 2018இல் 'அனேகமாக உண்டாக்கக்கூடியது' என்று ஒரு படி ஏற்றியது உண்மை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் கவலை ரெசின் ஆவியிலேயே வருடக்கணக்காக நின்று வேலை செய்பவர்களுக்கு. ஒரு மாரிக்கு ஒரு போட்டைத் திருத்தும் மாஸ்டரின் கணக்கு வேறு. இதற்காகக் கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

சரி, மற்ற இலக்கங்கள். கையில் அரிப்பு, கண்ணாடி முள்ளால். சொறியாமல், தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தாலும் கொஞ்சம் வரும். மனைவிக்கும் அரிக்கிறது, தொற்று வருத்தமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தொற்றியது வருத்தம் இல்லை, உங்கள் சாரம். தூசோடு கழற்றிய சாரத்தை வீட்டு உடுப்புகளோடு ஒரே மெஷினில் போட்டால் எல்லோருக்கும்தான் அரிக்கும். கிரைண்டர் பிடித்த பிறகு விரல் அரை மணி நேரம் விறைப்பது அதிர்வால். வேலை இல்லாத நாளிலும் விறைத்தாலோ விரல் வெளுத்தாலோ அப்போது பார்ப்போம். அசற்றோனால் கை கழுவுவதை நிறுத்துங்கள், தோல் வெடித்ததற்கு அதுதான் காரணம். வேலை முடிந்ததும் தூசு 'கீழே இறங்க' இரண்டு வாழைப்பழம் சாப்பிடுகிறீர்களாம். பழம் போவது வயிற்றுக்கு, தூசு போவது வேறு குழாயில். பழம் நல்லதுதான், ஆனால் உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, ஒன்று போதும்.

தலையிடி ரெசின் ஆவியால். வெளியே வந்தால் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குள் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அந்தப் புகையில் வரும் தலையிடியோடு வெளியே நடந்து வருவோம் என்பது நிச்சயம் இல்லை. எஞ்சினை வெட்டவெளியில் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது எட்டாம் இலக்கம். 'இரவில் வறட்டு இருமல். வாடைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல.' ஒன்பதில் இதற்குத்தான் ஆகக் குறைவாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். கடிதத்தில் வேறு வேறு இடங்களில் சிதறிக் கிடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறேன். மார்கழியில் உள்பக்கத்துக்கும் தைப்பொங்கலுக்குப் பிறகு வெளிப்பக்கத்துக்கும் பெயின்ற் அடித்தீர்கள். இரண்டு டின்னாக வரும் பெயின்ற், ஒன்றில் நிறம், மற்றதில் ஹார்டனர். கம்பிரசர் இரவல் வாங்கி ஸ்ப்ரே செய்தீர்கள், மழைக்குத் தறப்பாளை நாலு பக்கமும் இறக்கிவிட்டு. பொங்கல் கழிந்து ஒரு கிழமையில் இருமல். இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் கட்டில் விளிம்பில் குந்தி இருக்கிறீர்கள். நெஞ்சில் விசில் அடிக்கிறது என்று மனைவி சொல்கிறார். நடுவில் ஒரு கல்யாணத்துக்கு மட்டக்களப்பு போய் நாலு இரவு நிம்மதியாக நித்திரை கொண்டீர்கள். திரும்பி வந்து சனிக்கிழமை பின்னேரம் கடைசிக் கோட் அடித்தீர்கள். அன்றிரவு மறுபடி இரண்டு மணி.

மட்டக்களப்பிலும் இதே வாடைதான் அடிக்கிறது, மாஸ்டர்.

அந்த ஹார்டனர் டின்னில் பெரும்பாலும் இருப்பது ஐசோசயனேற்று என்ற இரசாயனம். பெயின்ற்றைக் கல் மாதிரி இறுக்கி மினுக்கம் கொடுப்பது அதுதான். மூச்சுக்குழாயைப் பழக்கிக் கெடுப்பதும் அதுதான். எப்படியென்று கேட்டால் இறாலை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் இறால் சாப்பிட்ட மனிதருக்கு ஒருநாள் திடீரென்று உதடு வீங்கும். அதற்குப் பிறகு இறால் பொரித்த சட்டியில் பொரித்த மீன்கூட ஆகாது. ஐசோசயனேற்றும் அப்படித்தான். சிலருக்குக் கிழமைகளில், சிலருக்கு வருடங்களில், உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். குறித்துவிட்டால் பக்கத்து வளவில் யாராவது ஸ்ப்ரே அடித்தாலும் போதும், நெஞ்சு இறுகும். நம் ஊரில் தொய்வு, இழுப்பு என்று சொல்லும் ஆஸ்துமாவேதான், காரணம்தான் டின்னில் இருக்கிறது.

பகலில் சுகமாக இருந்துவிட்டு ஏன் இரவில்? இந்த வகை இழுப்பு பெரும்பாலும் பிந்தித்தான் வரும், மூச்சில் ஏறி நாலு முதல் எட்டு மணித்தியாலம் கழித்து. பின்னேரம் ஐந்து மணிக்கு ஸ்ப்ரே துப்பாக்கியைக் கழுவி வைத்தால் இரவு நடுச்சாமம் தாண்டும்போது நெஞ்சு பிடிக்கும். அதனால்தான் யாரும் பெயின்ற்றைச் சந்தேகிப்பதில்லை. குளிர், மின்விசிறி, இரவுச் சாப்பாடு என்று எதை எதையோ சொல்வார்கள். ரெசின் மாதிரி இது மூக்கைத் துளைப்பதும் இல்லை. நாற்றம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். கொரோனாக் காலத்து நீல மாஸ்க்கை மூன்றாக அடுக்கிப் போட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று அல்ல, முப்பது அடுக்கினாலும் ஆவி உள்ளே வரும். இதை ஸ்ப்ரே அடிக்கும் தொழிற்சாலைகளில் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் முகமூடி போடுவார்கள். அது உங்கள் வளவில் நடக்கிற காரியம் இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் போட்கள் வந்து இறங்கின. அவை இப்போது இருபது வயது தாண்டிக் குச்சவெளி தொடங்கி மூதூர் வரை வளவு வளவாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. மாரியில் கடலுக்குப் போக ஏலாத நாட்களில் ஆளாளுக்குத் திருத்துகிறார்கள். முந்திய தலைமுறை மரவள்ளத்துக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசியது. அதில் கை சுடும், ஐசோசயனேற்று இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தைமாத இரவு, போட் திருத்துகிற ஒருவரை என்னிடம் கொண்டுவந்தார்கள். கதிரை நுனியில் இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுத்தார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ற் காய்ந்திருந்தது. பெயர் கேட்டேன். பாதிப் பெயரைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கி மீதியைச் சொன்னார். இரண்டு மாதமாக இருமல் பாணி குடித்துக்கொண்டிருந்தாராம். பிழைத்துக்கொண்டார். ஆனால் பிந்தி வந்ததால் இழுப்பு அவரோடு தங்கிவிட்டது. டின்னைச் சீக்கிரம் விட்டவர்களில் பலருக்கு நெஞ்சு தெளிவதையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இருமல் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எனவே அந்த ஹார்டனர் டின்னை இனித் திறக்க வேண்டாம். 'ஒரே ஒரு கோட்தான் மிச்சம்' என்று சொல்வீர்கள் என்று தெரியும். அந்த ஒரு கோட்டும் வேண்டாம், பிரஷ்ஷாலும் வேண்டாம், வேறு ஆள் அடிக்க நீங்கள் பக்கத்தில் நின்று பிழை சொல்வதும் வேண்டாம். டின்னின் லேபலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமைக்குள் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய், நெஞ்சு நோய்க் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 'இருமல்' என்று மட்டும் சொன்னால் பாணி தந்து அனுப்பிவிடக்கூடும். பெயின்ற், மட்டக்களப்பு, சனிக்கிழமை இரவு, இந்த மூன்றையும் சொல்லுங்கள். ஊதி அளக்கும் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, பீக் ஃப்ளோ மீற்றர். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, கூடிய எண்ணை எழுத வேண்டும். வரைபடம் கீறுவது உங்களுக்குப் பிடித்த வேலைதான். இதையே பிழைப்பாகச் செய்யும் தொழிலாளி என்றால் வேலை செய்யும் நாளையும் ஓய்வு நாளையும் அளந்து ஒப்பிட்ட பிறகுதான் வேலையை விடச் சொல்வோம், அது அவருடைய சோறு. உங்களுக்கு அப்படி இல்லை. பரீட்சித்துப் பார்க்கவென்று இன்னொரு தடவை பெயின்ற் அடிக்கக்கூடாது.

ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஏலாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்காவிட்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகாதீர்கள்.

இன்ஹேலர் என்றதும் உங்கள் ஒன்பதாம் இலக்கத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வந்த இடமும் அதுதான். அம்மாவின் இன்ஹேலரை எடுத்து இரவில் ஆறு தடவை அடிக்கிறீர்கள். அரிப்புக்கு என்று பாமசியில் நண்பர் வாங்கித் தந்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையையும் அவ்வப்போது போடுகிறீர்கள். இன்ஹேலர் அடித்ததும் நெஞ்சு திறக்கிறது என்பதே இது குளிர் இருமல் இல்லை என்று சொல்கிறது. ஆனால் அது திறந்துவிடுமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. பிரெட்னிசொலோன் ஆற்றும், சரியான அளவில் சரியான நாட்களுக்குக் கொடுத்தால். நீங்கள் போடுவது மாதிரிப் போட்டால் நோயை அரைகுறையாக மறைக்கும், சீனியை ஏற்றிவிடும். 'சீனி ஏனோ கூடிவிட்டது' என்று ஆறாம் இலக்கத்தில் ஆச்சரியப்பட்டிருக்கிறீர்களே, அதுதான் விடை. இடைக்கிடை போட்டதென்றால் இன்றோடு நிறுத்துங்கள். மூன்று கிழமைக்கு மேல் தினமும் தொடர்ந்து போட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

போட்டுக்கு என்ன செய்வது? ஒற்றை டின்னில் வரும் சாதாரண எனாமல் இருக்கிறது, ஐசோசயனேற்று இல்லாதது. நெஞ்சு தெளிந்த பிறகு யாரையாவது வைத்து வெட்டவெளியில் பிரஷ்ஷால் அடிப்பியுங்கள். மினுக்கம் குறையும், இரண்டு வருடத்தில் திரும்பவும் அடிக்க வேண்டி வரலாம். பங்குனிக்கு முடியாவிட்டால் சித்திரைக்கு இறக்குங்கள், அப்போதும் கடல் குளம் மாதிரித்தான் கிடக்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ரெசினுக்குக் கலக்கும் கட்டலிஸ்ற்றைக் கடைக்காரர் பழைய சோடாப் போத்தலில் ஊற்றித் தந்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையைக் கெடுக்கும். தெறித்தால் உடனே குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். குடித்தால் தொண்டையையும் குடலையும் எரித்துவிடும். வளவில் பேரப்பிள்ளை விளையாடுகிறது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் போய் அந்தப் போத்தலை எடுத்துப் பூட்டி வையுங்கள், வெயில் படாத இடத்தில். அம்மாவின் இன்ஹேலரை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியதைக் கிளினிக்கில் தருவார்கள்.