கேள்வி – பதில்: படம் தெளிவு, வசனம் புரியவில்லை

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் வகுப்பறையிலேயே கைப்பேசியில் ஒரு குறும்படம் எடுத்தோம். ஒளிப்பதிவை எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் வசனம் பாதிக்கு மேல் புரியவில்லை என்கிறார்கள். டியூப் லைட் எரியும் காட்சிகளில் திரையில் கோடுகள் ஓடுகின்றன. அடுத்த படத்தில் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கோடுகளைப் போக்குவது எளிது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் டியூப் லைட்டின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) என்ற கணக்கில் எடுப்பதால், ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம், இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகாத இடங்களில் கோடு விழுகிறது. கேமரா அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் 'புரோ' முறைக்குச் சென்று நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஒலியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மாணவர் படங்கள் பலவும் வீணாவது இங்கேதான். டப்பிங் செய்த, அதாவது குரலைப் பின்னர் தனியாகப் பதிந்து சேர்த்த படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். நடிகர் எவ்வளவு தூரத்தில் நின்று பேசினாலும் குரல் காதருகே கேட்கும் என்பது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. நீங்கள் எடுத்ததோ படப்பிடிப்பின்போதே பதிவான ஒலி. பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரு மடங்கானால் நேராக வந்து சேரும் குரலின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். வகுப்பறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் மட்டும் அப்படியே இருக்கும். பத்து அடி தள்ளி வைத்த கைப்பேசியில் வசனம் புரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். நடிகர்களின் உச்சரிப்பைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு கைப்பேசியை 'ஏரோபிளேன்' முறையில் வைத்து, குரல் பதிவைத் தொடங்கி, நடிப்பவரின் மேசைமேல் புத்தகங்களுக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும் சத்தம் வரும். ஒவ்வொரு டேக்கின் (நிறுத்தாமல் எடுக்கும் ஒரு பதிவின்) தொடக்கத்திலும் கேமரா முன் ஒருவர் ஒருமுறை கைதட்டட்டும். கைகள் சேரும் பிரேமையும் அந்த ஓசையையும் எடிட்டிங்கில் பொருத்தினால் வசனம் உதட்டோடு சேர்ந்துவிடும். கைப்பேசி வீடியோவில் பிரேம் வேகம் சீராக இராமல் மாறுவதுண்டு என்பதால், நீளமான டேக்கில் ஒலி மெல்ல விலகக்கூடும். அதற்காகவே டேக்குகளைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை டேக் ஓடும்போது நிறுத்திவிட்டு, முடிந்தவுடன் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இடத்தைவிட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவே வெட்டும் இடத்தில் ஒலி திடீரென அற்றுப்போனால் பார்ப்பவருக்கு உறுத்தும். அந்த இடைவெளியை நிரப்ப இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். படப்பிடிப்பு முடிந்த களைப்பில் யாருக்கும் பொறுமை இராது என்பதை அறிவேன். ஐவரில் ஒருவருக்கு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பது மட்டுமே வேலை என்று முன்பே தீர்மானித்துவிட்டால் இது தவறாது.

கேள்வி: என் மாணவர்கள் எடுத்த ஷாட்டுகள் ஒவ்வொன்றும் நன்றாக இருந்தும், எடிட்டிங்கில் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஒரே செயலை இரண்டு முறை எடுக்கப் பழக்குங்கள். ஒருவர் தேநீர் டம்ளரை எடுத்துக் குடிக்கிறார் என்றால், தூரக் காட்சியில் அதை முழுவதும் எடுத்துவிட்டு, அருகாமைக் காட்சியிலும் கை நீளுவது முதல் டம்ளரைக் கீழே வைப்பது வரை முழுவதும் நடிக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கை அசையும் நேரத்தில் வெட்ட முடியும். அசைவின் நடுவே விழும் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. முதல் ஷாட்டில் வலக்கையால் எடுத்தவர் அடுத்ததில் இடக்கையால் எடுத்திருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எனவே ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இருவர் பேசும் காட்சியில், அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே இருக்கட்டும். கோட்டைத் தாண்டினால் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தோன்றும்.

ஒரு வேண்டுகோள். மதிப்பெண் போடும்போது இயக்கியவரையும் ஒளிப்பதிவாளரையும் மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு ஷாட்டுக்கும் இப்படிப் புகைப்படம் எடுத்து வைத்தவரையும் பாருங்கள்.

கேள்வி: 'நன்றி' என்று பெயர் போட்டுவிட்டுத் திரைப்படப் பாடலின் பத்து நொடியைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. நன்றி சொல்வது அனுமதி பெறுவதாகாது. பத்து நொடி என்றால் பரவாயில்லை என்ற விதி எதுவும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பாரதியாரின் பாடல்கள் நாட்டுடைமை ஆனவை. பாடத் தெரிந்த தோழி ஒருவர் அவற்றில் ஒன்றைத் தானே மெட்டமைத்துப் பாடித் தந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். திரைப்படத்தில் வந்த மெட்டில் பாடினால் அந்த மெட்டுக்கு உரியவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும்.