வண்டிக்காரர் பதில்கள்: தீபாவளிக்கு நாயோடு கேரவனில்

கேள்வி: அண்ணா, தீபாவளி வந்தாலே காலடிப்பேட்டையில் எங்கள் தெரு வெடிச்சத்தம் தாங்காமல் ஜிம்மியும் கருப்பியும் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும். இந்த வருஷம் கேரவன் வாடகைக்கு எடுத்து, நாய்களையும் ஏற்றிக்கொண்டு கடலோரமாகவே வேளாங்கண்ணி வரை போய்வரலாம் என்கிறார் வீட்டுக்காரர். ராத்திரி கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தித் தூங்க எனக்கு ஆசை. சரிப்படுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள் தங்கச்சி. ஆனால் கடற்கரையில் தூங்கும் ஆசையை மட்டும் காலடிப்பேட்டையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். டூரிஸ்ட் வேன் ஓட்டிய காலத்திலிருந்தே ஐப்பசி, கார்த்திகையில் என் பழக்கம் இதுதான்: காலையில் கடல், ராத்திரிக்கு ஊருக்குள் மேடான இடம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. இரண்டும் நீங்கள் போகிற திசைதான். கேரவன் உயரமான வண்டி, பக்கவாட்டுக் காற்றுக்கு ஆடும். முகத்துவாரம் பக்கம் நிறுத்தினால், எங்கோ மேற்கே பெய்த மழை நடு ராத்திரியில் டயரைத் தொடும். பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் எண்ணூரில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சவுக்குத் தோப்பு நிழலும் வேண்டாம். கல்யாண மண்டபத்து வாசல், லாட்ஜ் முற்றம், பெட்ரோல் பங்க் என்று எங்காவது கேட்டுவிட்டு நிறுத்துங்கள். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டையும் பாருங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. கடலூரிலோ நாகையிலோ 3 ஏறிவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள், திரும்பிவிடுங்கள்.

கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்குள், விடியற்காலையிலேயே ஊரைத் தாண்டிவிடுங்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி. நாளைக்கு நூறு கிலோமீட்டர் போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டியை விட மாட்டார்கள். வேளாங்கண்ணி வரை போனவர்கள் கோடியக்கரையையும் எட்டிப் பார்க்கலாமே என்று இழுப்பார்கள். அது சரணாலயம். வெளிமானும் பூநாரையும் இருக்கிற இடத்துக்கு நாய் வேண்டாமே.

இறங்குகிற இடம் முக்கியம். குப்பத்துக்குப் பக்கத்தில் கதவைத் திறக்காதீர்கள். கரையில் காய்கிற வலை மேல் ஜிம்மி காலைத் தூக்கினான் என்றால் நீங்கள் வாங்கப்போகும் பேச்சு காசிமேட்டுப் பேச்சாக இருக்கும். அதில் நியாயமும் இருக்கும். அந்தந்தக் கரைக்கென்று நாய்க்கூட்டம் உண்டு, புதுசாக வருகிற நாயை விடாது. இதையெல்லாம்விட எனக்குப் பயம் பேத்தை மீன்தான். மீனவர்கள் வலையை உதறும்போது பேத்தையைத் தனியாகப் பொறுக்கி மணலில் வீசிவிடுவார்கள். வயிறு உப்பி, பந்து மாதிரி கிடக்கும். நாய்க்கு அது விளையாட்டுச் சாமான். காய்ந்துபோனாலும் அதன் விஷம் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. கவ்விய நாய்க்கு எச்சில் ஒழுகி, பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்தால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். புதுச்சேரி பக்கம் என்றால் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெல்டாவில் என்றால் ஒரத்தநாட்டில் இருக்கிறது. அதனால் கடற்கரையில் கயிறில்லாமல் விடவே விடாதீர்கள். கிளம்பும் முன் வேப்பேரி கால்நடை மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சல் ஊசியும் போட்டு ஒரு வருஷம் தாண்டவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், நாய் அதை நக்கும்.

மழை விட்டதும் அடிக்கிற ஐப்பசி வெயில் பொல்லாதது. மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் அதுவும் பலிக்காது. ஆகவே தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க ஒருவர் போனால் இன்னொருவர் வண்டியில் இருங்கள். ராத்திரி ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது அதைவிட ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதற்கு வாசனையே கிடையாது. ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டிக்கொண்டு படுங்கள்.

இனி, நீங்கள் எதற்காகக் கிளம்புகிறீர்களோ அந்த ராத்திரி. வெடியே இல்லாத கடலோர ஊரைத் தேடி அலையாதீர்கள். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசாங்கம் நேரம் குறித்திருக்கிறது. நம் ஜனங்கள் எந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்? ஊரிலிருந்து தள்ளி, ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பொழுது சாயும் முன்பே நடக்கவிட்டு உள்ளே ஏற்றிவிடுங்கள். திரையை இழுத்து, ஃபேனைச் சத்தமாக ஓடவிட்டு, அவை வீட்டில் படுக்கிற அதே சாக்கை விரித்துப் போடுங்கள். துவைத்துவிடாதீர்கள், அந்த நாற்றம்தான் அதுகளுக்குத் தைரியம். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். தெரியாத ஊரில் மிரண்டு ஓடிய நாய்க்கு வீட்டுக்கு வழி தெரியாது.

கேள்வி: வண்டி ஏறினாலே எங்கள் நாய் வாந்தி எடுக்கிறது. மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள். முதலில் ராயபுரம் வரை, அப்புறம் மெரினா வரை என்று பழக்குங்கள். மாத்திரையை டாக்டர் எழுதித் தரட்டும். உங்களுக்கு வாங்கி வைத்ததைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய டெம்போ டிராவலரை வாங்கி நானே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கேரவனாக்கலாம் என்றிருக்கிறேன். பட்டறையில் சரி என்கிறார்கள்.
– வாசகர், மணலி

பதில்: பட்டறைக்காரர் சரி என்றுதான் சொல்வார், கூலி அவருக்கு. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவைக் கேட்காமல் சீட்டைக் கழற்றாதீர்கள். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றிருந்தால் விபத்தின்போது இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை உள்ளே ஏற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஈ.சி.ஆர். நெடுக டீக்கடை இருக்கிறது.