கால்வாய்க்கரையில் பாழடைந்து கிடக்கும் பழைய கிட்டங்கிகளை (சரக்குக் கிடங்குகளை) மக்கள் பயன்பாட்டுக்கு மாற்றினால், கடைசியில் ஓட்டல்காரர்களுக்குத்தான் போகுமா?

ஊர் பெயர் நீங்கள் சொல்லவில்லை. கொச்சி, ஆலப்புழைப் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். வரைபடத்தில் நூலகம், நாடக அரங்கு, சின்னக் கடைகள் எல்லாம் போட்டுக் காட்டியிருப்பார்கள். சந்தேகப்படுங்கள், தப்பில்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். (ஆறு வேறு, கால்வாய் வேறு என்று திருத்த வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.)

என் அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். எங்கள் ஆட்களுக்கு அது செட்டித் தெரு. அங்கே கிட்டங்கி என்றால் சரக்கு அடைக்கிற இடம் இல்லை. ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டு வட்டித் தொழில் நடக்கும். ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். நாலு எட்டு வைத்தால் போட் கீ, ஆற்றங்கரைப் படகுத்துறை. முகப்பில் கண் வரைந்த படகுகள் நெருக்கியடித்து நிற்கும். மூட்டை உரசி உரசி அங்கிருந்த தூண்கள் இடுப்பு உயரத்துக்கு வழுவழுவென்று இருக்கும்.

1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடத்தில் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னார். 1983இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். செட்டித் தெருக் கிட்டங்கிகளும் இடிபட்டன. ஆற்றோரக் கடைவீடுகள் மட்டும் தப்பின. 1989இல் போட் கீ, பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் பாதுகாப்புப் பகுதி ஆனது; 1993இல் பக்கத்துக் கிளார்க் கீ கிட்டங்கிகள் உணவகமும் கடையுமாகப் பளபளவென்று திறந்தன.

சுத்தம் செய்தது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அந்த நாற்றத்தை மூக்கில் வாங்கியவன் நான். கட்டடம் நின்றதே பெரிது என்பதும் சரிதான்.

ஆனால் அந்த 1993இல் அப்பாவை போட் கீயில் சாப்பிடக் கூட்டிப் போனேன், என் முதல் சம்பளத்தில். நாற்காலியில் உட்காராமல் ஒரு தூணைத் தடவிக்கொண்டே நின்றார். புதிதாகப் பூசி, சொரசொரவென்று இருந்தது. "இங்கதான்டா மிளகு இறக்குவான்" என்றார். டீ கேட்டோம். டீ இல்லை, பீர் இருக்கிறது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு பேர் வந்ததும் எங்களை மூலைக்கு மாற்றப் பார்த்தார்கள். எழுந்து வந்துவிட்டோம்.   

நல்லதும் நடந்தது, ராபர்ட்சன் கீ பக்கம். 19ஆம் நூற்றாண்டுக் கிட்டங்கி ஒன்றில் 2002இல் அச்சுக்கலைப் பட்டறை வந்தது. காகிதமே அங்கே கையால் செய்கிறார்கள். முகமது சுல்தான் ரோட்டில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் நாடகக் குழு புகுந்தது. இரண்டும் நான் உள்ளே போய்ப் பார்த்தவை. அப்படிப்பட்டவர்கள் ஒரு மதுபார் கொடுக்கும் வாடகையோடு போட்டி போட்டு இடம் பிடிக்க முடியாது, யாராவது இடத்தை ஒதுக்கித்தான் தரவேண்டும்.

அதனால் சுவருக்கு என்ன வண்ணம் என்ற கூட்டத்துக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். கீழ்த்தளத்தில் எத்தனை கதவு மலிவு வாடகைக்கு, எத்தனை வருடத்துக்கு, அதை எழுத்தில் கேளுங்கள். பூச்சு வேலை தொடங்கும் முன்னால் கேளுங்கள். அங்கே இன்னமும் கயிறோ சாக்கோ விற்றுக்கொண்டு யாராவது இருப்பார்கள், அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவர்களுடையதாக இருக்கட்டும். இப்படிச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்பா அன்றைக்கு டாக்சி பிடித்து, லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்காவுக்கு வந்துதான் டீ குடித்தார். இரண்டு டம்ளர்.