நிருபர் கவுன்சிலர் ஆனால் நொய்யல் சுத்தமாகிவிடுமா?

நொய்யல் ஆறு கெட்டுப்போனதைப் பற்றி வருஷக்கணக்கில் எழுதிய ஒரு நிருபர் உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தால் என்ன மாறும் என்பதுதானே கேள்வி?

கவுன்சிலர் என்பவர் வார்டு மக்கள் ஓட்டுப் போட்டு மன்றத்துக்கு அனுப்பும் உறுப்பினர், அவ்வளவுதான். காட்டுக்குள் மாடு பூந்துருச்சு என்று வேலிக்கு வெளியே நின்று சத்தம் போடுபவர் நிருபர் என்றால், கவுன்சிலர் வேலிக்குள் வந்துவிட்டவர். கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், குப்பை லாரி ஏன் பள்ளத்து ஓரமாகக் கொட்டிவிட்டுப் போகிறது என்று அதிகாரியை நேருக்கு நேர் கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நொய்யலில் சாயக்கழிவை விடும் சாயப்பட்டறை அவர் கையில் இல்லை. 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசு தடுப்புச் சட்டப்படி அனுமதி தருவதும் மூடச் சொல்வதும் மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நிலம் பாழாகி, விவசாயிகள் கோர்ட் படியேறி, அப்புறம் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுத்தான் திருப்பூர்ப் பட்டறைகளை மூடினார்கள். எந்த மன்றத் தீர்மானமும் மூடவில்லை.

நொய்யல் கெட்டதற்குச் சாயம் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. நம் வீட்டுச் சாக்கடையும் அதில்தான் விழுகிறது, அதைத் தடுப்பது உள்ளாட்சியின் வேலை, அதைக் கவுன்சிலரிடம் தாராளமாகக் கேட்கலாம்.