ஜரிகையில கரண்ட் ஓடுமா? கேளுங்க, சொல்றேன்

வீட்ல தறி, தொழில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ். ரெண்டையும் சேர்க்கிறது பத்தி எது வேணா கேளுங்க.

கே: அண்ணா, பழைய பட்டுப்புடவை பார்டரத் தொட்டா பாட்டு வர்ற மாதிரி பண்ண முடியுமா? செவுத்துல மாட்டத்தான்.

ப: தாராளமா. அசல் ஜரிகைங்கறது பட்டு நூல் மேல தட்டையான வெள்ளிக் கம்பி சுத்தி தங்க முலாம் போட்டது, கரண்ட் நல்லாவே போகும். இஎஸ்பி32ங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல தொடுறத உணர்ற டச் பின் 10 இருக்கு, ஒண்ணுல ஜரிகைய இணைச்சு, தொடுறத நம்பராக் காட்டுற டச்ரீட் கட்டளைய புரோகிராம்ல போட்டீங்கன்னா கை வச்சதும் நம்பர் சட்டுனு இறங்கும் (அதே வகையில எஸ்3ன்னு ஒரு போர்டு இருக்கு, அதுல ஏறும், அது தெரியாம ஒரு ராத்திரி முழுக்க மண்டைய உடைச்சிருக்கேன்). முந்தானைல மட்டும் வைக்காதீங்க, அங்க ஜரிகை ஊடையா, அதாவது குறுக்கால, போயிட்டுப் போயிட்டுத் திரும்புற ஒரே நூல், எங்க தொட்டாலும் ஒரே பட்டன்தான். பார்டர்ல கோடா போற ஜரிகை பாவுல, அதாவது நீளவாக்குல, ஓடுது, நடுவுல பட்டு இழை பிரிச்சு நிக்குது, ரெண்டு கோட்டுக்கு ரெண்டு பாட்டு வைக்கலாம். சால்டரிங் அயர்ன் கிட்டயே போகக்கூடாது, பட்டு பொசுங்கிடும். பிரஸ் பட்டன் தைச்சு அதுல வயர் எடுங்க.

கே: அதையே கட்டிக்கிட்டுப் போலாமா?

ப: லித்தியம் பேட்டரிய உடம்போட ஒட்டித் தைக்கவே தைக்காதீங்க. செவுத்தோட நிறுத்திக்கோங்க.

கே: சார், தஞ்சாவூர் பொம்மை ஆடும்போது லைட் எரியணும்.

ப: உருண்டை அடி பொம்மைதானே? அடியில கனம் இருக்கறதாலதான் சாய்ச்சா எந்திரிக்குது. தலைல பேட்டரி வச்சா கவுந்து படுத்துடும். எல்லாத்தையும் அடியிலயே வைங்க, சாய்ஞ்சா ஆன் ஆகுற டில்ட் சுவிட்ச் போதும். இங்கயும் லித்தியம் வேணாம், குழந்தைங்க கையில போறது.

கே: என் கல்யாணப் புடவை அசல் ஜரிகையான்னு மல்டிமீட்டர் சொல்லுமா?

ப: சொல்லாது. கரண்ட் போனா மீட்டர் பீப் அடிக்கும், அவ்ளோதான்; செம்பு ஜரிகைக்கும் அடிக்கும். பாலியஸ்டர் ஜரிகைய வேணா பெரும்பாலும் பீப் அடிக்காம காட்டிக் குடுக்கும்.

கே: பீப் வந்தா வெள்ளின்னு எங்க கடைக்காரர் சொன்னாரே?

ப: அவர் வீட்டு வயர்ல இருக்கறதும் செம்புதான், அதுவும் பீப் அடிக்கும், கேட்டுப் பாருங்க.

கே: உள்ள சிவப்பு நூல் தெரிஞ்சா அசல்னு எங்க பாட்டி சொல்வாங்க.

ப: பாட்டி காலத்துல சரி. இப்ப சிவப்பு நூல் யாரு வேணா வாங்கிச் சுத்தலாம். எக்ஸ்-ரே அடிச்சு உலோகத்தக் கண்டுபிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல வச்சா வெள்ளி எத்தனை சதவீதம்னு தெரியும்.

கே: அண்ணா என் புடவை அசலா? போட்டோ போட்டிருக்கேன்.

ப: போட்டோவுல பீப் கூட வராதுங்க. மேல சொன்னதப் படிங்க.

கே: நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். பீப் வருது, ரெண்டு இடம் வச்சேன், எங்க தொட்டாலும் ஒரே பாட்டுதான்.

ப: முந்தானைலதானே வச்சீங்க?