ஃபுஜி மலையை மேகம் மூடினால் எங்கே போவது?

கேள்வி: நவம்பர் கடைசியில் டோக்கியோ போகிறோம். ஃபுஜி மலைக்கென்று ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. உடன் வரும் அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு, சைவம். மேகம் மூடிவிட்டால் அந்த நாள் வீணாகிவிடுமோ என்று கவலை. கவாகுச்சி ஏரிக்குப் போவதா, ஃபுஜினோமியா நகருக்குப் போவதா?

பதில்: ஃபுஜினோமியாவுக்கே போங்கள். கவாகுச்சி ஏரியில் மலை தெரிகிற நாள் அற்புதமானது. ஆனால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்சியை நம்பித்தான் போகிறார்கள். மலையின் தென்மேற்கு அடிவாரத்தில் இருக்கும் ஃபுஜினோமியாவில், மலை மறைந்தாலும் மலையின் தண்ணீரைப் பார்க்கலாம்.

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஃபுஜிசான் ஹோங்கு செங்கென் தைஷா. ஃபுஜி மலைத் தெய்வத்தை வணங்கும் செங்கென் கோயில்கள் ஜப்பான் முழுக்கச் சுமார் 1,300 உண்டு. அவற்றுக்கெல்லாம் தலைமைக் கோயில் இதுதான். இப்போதுள்ள இரண்டடுக்குக் கருவறையை, அன்று ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயாசு 1604இல் கட்டுவித்தார். அதை வணங்கிவிட்டு வலப்பக்கம் நடந்தால் வகுதமா குளம். ஃபுஜியில் பெய்த மழையும் உருகிய பனியும் எரிமலைப் பாறைக்குள் இறங்கி, இங்கே ஊற்றாக வெளிவருகின்றன. கோடையிலும் குளிரிலும் தண்ணீர் ஏறக்குறைய 13 டிகிரியிலேயே இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் நீரோட்டத்தில் சாய்ந்தாடும் பாசியும் துல்லியமாகத் தெரியும். அந்தக் காலத்து யாத்திரிகர்கள் இதில் உடலைத் தூய்மை செய்துகொண்ட பிறகே மலையேறக் கிளம்பினார்கள். இங்கே அவசரப்படாதீர்கள்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே, 2017இல் திறந்த ஃபுஜி உலகப் பாரம்பரிய மையம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், ஃபுஜியைத் தலைகீழாக்கிய வடிவில் மரச்சட்டங்களால் இதை வடிவமைத்தார். முன்னாலுள்ள நீர்த்தடாகத்தில் அதன் பிம்பம் நிமிர்ந்த மலையாகத் தெரியும். உள்ளே படி ஏற வேண்டியதில்லை. சுற்றிச் சுற்றி மேலே போகும் சரிவுப் பாதைதான், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. உச்சியில் மலையைப் பார்க்கும் தளம். காலையில் வானம் தெளிவாக இருந்தால் கோயிலுக்கும் முன்னால் இங்கே வந்துவிடுங்கள். நேரம் ஆக ஆக மேகம் சேர்வது ஃபுஜியில் சகஜம்.

அடுத்தது ஷிராய்தோ அருவி, நகரிலிருந்து பஸ்ஸில் சுமார் அரை மணி நேரம். உயரம் 20 மீட்டர்தான், அகலமோ 150 மீட்டர். மேலே தண்ணீரை உள்ளே விடும் எரிமலைக் குழம்புப் பாறை, கீழே தண்ணீர் இறங்காத பழைய அடுக்கு. இரண்டும் சேரும் இடத்தில் பாறைச்சுவரிலிருந்தே நூல் நூலாக நீர் கசிந்து விழும். இந்த ஒரு காட்சிக்காகவே ஃபுஜினோமியாவைப் பரிந்துரைப்பேன். அடிவரை போகப் படிக்கட்டு உண்டு. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அம்மா மேலேயுள்ள பார்வைத் தளத்திலேயே இருக்கட்டும். வானம் தெளிந்தால் அங்கிருந்து மலையும் தெரியும். பக்கத்திலேயே ஓதோதொமே அருவி, அதையும் எட்டிப் பாருங்கள்.

டோக்கியோவிலிருந்து ஷின்-ஃபுஜி நிலையத்துக்குக் கொதாமா என்ற ஷின்கான்சென் (புல்லட்) ரயிலில் ஏறுங்கள், ஏறக்குறைய 70 நிமிடம். அதே தடத்தில் ஓடும் வேகமான ரயில்களான நோசோமியும் ஹிகாரியும் அங்கே நிற்காது. ஷின்-ஃபுஜியும் ஃபுஜி நிலையமும் வேறு வேறு, இடையே சுமார் 2 கிலோமீட்டர். அதனால் ஷின்-ஃபுஜி வாசலிலேயே ஃபுஜினோமியா பஸ்ஸைப் பிடித்துவிடுவது நல்லது. அருவிக்குப் போகும் பஸ்கள் குறைவு. இறங்கியதும் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் கவனம். இந்த ஊர் யாகிசோபா என்ற வறுத்த நூடுல்ஸுக்குப் பெரிய பேர். ஆனால் அதில் பன்றிக் கொழுப்பு வறுவலும் மேலே தூவும் மீன் பொடியும் சேரும். இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. அம்மாவுக்கு மதிய உணவைக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்து அசாகிரி மேட்டுநிலம் மாடு வளர்க்கும் பூமி, அந்தப் பாலில் செய்த ஐஸ்கிரீம் கிடைத்தால் விடாதீர்கள்.

மலையின் இந்தப் பக்கத்தில், 2,400 மீட்டர் உயரத்தில் ஏறுபாதை தொடங்கும் ஐந்தாம் நிலையம்வரை காரில் போகலாம் என்று யாராவது சொன்னால், அது இந்தப் பருவத்துக்குப் பொருந்தாது. நவம்பர் கடைசியில் பனிக்காக அந்தச் சாலையை மூடியிருப்பார்கள்.