கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஹெல்பராக வேலை பார்க்கிறேன். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர இரவு ஒன்பது ஆகிவிடும். அதுவரை மகள்தான் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். ஐந்து வாரத்துக்கு முன் என் நாத்தனார் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்துவிட்டார். அன்று இரவே இருவரையும் கூட்டிப் போனார்கள். மகள் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். மகனைத் தத்து கொடுக்கும் நிறுவனத்தில் வைத்திருக்கிறார்கள். சேர்க்கும்போது என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. "பையனை எனக்கு எழுதிக் கொடு, நானே வெளியே எடுத்துத் தருகிறேன்" என்கிறார். என் பிள்ளையைப் பறிக்கத்தான் எல்லாம் செய்திருக்கிறார். அவர் மீது போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டால் பிள்ளைகள் கிடைப்பார்களா?

பதில்: பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. நாத்தனார் என்ன எண்ணத்தில் போன் செய்தார் என்பதை அந்தக் குழு பார்க்காது. எட்டு வயதுப் பெண் நான்கு வயதுப் பையனை வைத்துக்கொண்டு இரவு ஒன்பது வரை தனியாக இருந்தாள் என்பதைத்தான் பார்க்கும். அது உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாத்தனார் மீதான அந்தப் புகாரை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு வரிதான்: "கையெழுத்து வாங்கினார்கள்." அது என்ன தாள்? தற்காலிகமாக இல்லத்தில் தங்க வைக்கக் கொடுத்த சம்மதம் என்றால் பயமில்லை. குழந்தையை ஒப்படைக்கும் 'சரண்டர்' பத்திரம் என்றால் கதையே வேறு. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 35-ஆம் பிரிவுப்படி அந்தப் பத்திரம் குழுவின் முன்னால், விசாரணையும் கவுன்சிலிங்கும் முடிந்த பிறகுதான் எழுதப்பட வேண்டும். எழுதிய பிறகும் மனதை மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் உண்டு. ஐந்து வாரம் ஓடிவிட்டது என்றால் உங்களிடம் மீதி இருப்பது சுமார் மூன்றரை வாரம்தான். அந்தக் கெடு தாண்டி, குழுவில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து 'தத்துக்குச் சட்டப்படி தடையில்லை' என்று அறிவித்துவிட்டால், பிறகு நான் என்ன வாதாடினாலும் மிகக் கடினம்.

மகன் தத்து நிறுவனத்தில் இருப்பதைப் பார்த்து மட்டும் நடுங்க வேண்டாம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அங்கே வைப்பது வழக்கம்தான். இருந்தாலும் அந்தத் தாளின் நகலைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆட்கொணர்வு மனு வேண்டாம். சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பவரை மீட்கத்தான் அது. குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. அதன் உத்தரவில் இருக்கும் பிள்ளையை 'சட்டவிரோதக் காவல்' என்று சொல்ல முடியாது. சென்னை வரை போய், செலவழித்து, "குழுவிடமே போங்கள்" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உத்தரவு தவறு என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு என்ற வழி தனியாக இருக்கிறது.

என்னிடம் வரும் தாய்மார்கள் உண்மையில் சறுக்குவது வேறு இரண்டு இடங்களில். முதலாவது, உங்கள் வீட்டு நிலையை விசாரித்துக் குழுவுக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கை. அதை எழுதும் பணியாளர் வீட்டுக்கு வரும் நேரத்தில் நீங்கள் ஷிப்டில் இருப்பீர்கள். "வீடு பூட்டியிருந்தது, தாய் தொடர்பில் இல்லை" என்று இரண்டு வரி கோப்பில் ஏறிவிடும். இல்லத்துக்குப் போய்ப் பார்க்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவீர்கள். நான்கு மாத முடிவில் குழு இறுதி உத்தரவு போட உட்காரும்போது, பிள்ளைக்காக நீங்கள் அழுதது கோப்பில் இருக்காது. அந்த இரண்டு வரி இருக்கும். பணியாளரை நீங்களே போனில் அழைத்து, நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதும் பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

இரண்டாவது, வருமானம். உதவித் தொகைக்காக ஒரு இடத்தில் "வருமானமே இல்லை" என்று எழுதிக் கொடுப்பார்கள். குழுவின் முன்னால் "நன்றாகச் சம்பாதிக்கிறேன், என்னால் வளர்க்க முடியும்" என்பார்கள். இரண்டு தாளும் ஒரே கோப்பில் வந்து உட்காரும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் குழு நம்பாது.

உங்களுக்கு அப்படிப் பொய் சொல்லத் தேவையே இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு ஷிப்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால், ஒன்றரை ஷிப்டில் வாரம் 2,700, வருடத்துக்கு 1,40,400. ஒரே ஷிப்ட் என்றால் வருடத்துக்கு 93,600. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு கேட்க நகரக் குடும்பங்களுக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 96,000. விதவைத் தாயின் பிள்ளைகள் அதில் வருகிறார்கள். ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். பிள்ளை பிரியாமல் இருக்க மட்டுமல்ல, இல்லத்திலிருந்து வீடு திரும்பவும் இந்த உதவி உண்டு. அரை ஷிப்டை விட்டால் நீங்கள் இழப்பது மாதம் சுமார் 3,900. ஒரு பிள்ளைக்கு உதவி கிடைத்தாலே அது ஈடாகிவிடும். மாலையில் நீங்கள் வீட்டிலும் இருப்பீர்கள். குழு கேட்கப்போகும் ஒரே கேள்விக்கு அதுதான் பதில். ஆனால் நிஜமாகவே ஷிப்டைக் குறைத்து, கம்பெனியில் கடிதம் வாங்குங்கள். காகிதத்தில் மட்டும் குறைத்தால் பக்கத்து வீட்டு விசாரணையில் வெளிவந்துவிடும். பணம் கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். அதற்கும் இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இனி நாத்தனார். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். போலீஸ் புகார் நீளும்வரை, "குடும்பத்தில் சண்டை, பிள்ளைகளுக்கு அங்கே பாதுகாப்பில்லை" என்று குழு நினைக்க இடம் இருக்கிறது. நீங்கள் புகாரைத் திரும்பப் பெறுங்கள். பிள்ளைகள் தாயிடம் போக ஆட்சேபணை இல்லை என்றும், அவசரத்துக்கு மாலையில் வந்து பார்த்துக்கொள்வேன் என்றும் அவர் குழுவின் முன்னால் எழுதிக் கொடுக்கட்டும். பேச்சு அதோடு நிற்க வேண்டும். பையனை எழுதிக் கொடுக்கும் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். முத்திரைத்தாளில் எழுதி நீட்டினால் அது தத்து ஆகாது. பிள்ளையை விட்டுக்கொடுக்க நீங்கள் தயார் என்பதற்கு உங்கள் கையாலேயே எழுதிய சாட்சி ஆகிவிடும்.

திங்கட்கிழமை லீவு போடுங்கள். குழு அலுவலகத்தில் உத்தரவுக்கும் நீங்கள் கையெழுத்திட்ட தாளுக்கும் நகல் கேட்டு மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். சரண்டர் பத்திரம் என்று தெரிந்தால் அங்கேயே, அதே நாளில், "திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். நிதி ஆதரவு விண்ணப்பத்தை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தர வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே இலவசம்.

மனுவின் கடைசியில் இன்னொன்றையும் சேருங்கள்: வீடு திரும்பும்வரை அக்காவும் தம்பியும் வாரம் ஒரு முறையாவது சந்திக்க அனுமதி. இத்தனை நாளாக அந்தச் சிறுவனுக்கு இரவுச் சோறு ஊட்டியவள் அவள்தான்.